நகை துலக்கும் திரவமும் 1893ஆம் ஆண்டின் 25 சதமும்

வெள்ளி நகைகளுக்கென்று மட்டக்களப்பு நகரில் விற்கப்படும் துலக்கும் திரவத்தில் ஒரு சிறு போத்தலை வாங்கி, அம்மம்மாவின் பெட்டகத்தில் கிடைத்த பழைய இலங்கை நாணயங்கள் சிலவற்றில் பரிசோதித்துப் பார்த்தேன். ஆய்வுகூடப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் வாங்கிய, பிசுக்கையும் பசையையும் கரைக்கும் திரவமான தூய அசற்றோனையும் அதே நாட்களில் பயன்படுத்தியதால், இரண்டையும் சேர்த்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

திரவம் சொன்ன வேலையைச் செய்கிறது. விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த 1893ஆம் ஆண்டு 25 சத நாணயத்தை அதில் தோய்த்தபோது, பத்து வினாடிக்குள் கருமை முழுவதும் அகன்றது. ஆனால் வெளியே எடுத்த நாணயம் சுண்ணாம்படித்த சுவர்போல ஒரே வெண்மையாக இருந்தது. எழுத்துகளின் ஓரங்களிலும் கூந்தல் வரிகளின் இடுக்குகளிலும் தங்கியிருந்த கருமைதான் அந்தத் தேய்ந்த முகத்தை இதுவரை எடுத்துக் காட்டியது என்பதை, அது போன பிறகே உணர்ந்தேன்.

இது திரவத்தின் குறையன்று. நாணயத்தை அதில் தோய்த்த என் குறை. அக்காலத்து 25 சதத்தில் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி இருந்தது. காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகளோடு அந்த வெள்ளி கூடுவதால் உண்டாகும் வெள்ளிச் சல்பைட்டையே நாம் கருமை என்கிறோம். அதாவது, வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கல்ல, நாணயத்தின் சொந்த வெள்ளியே உருமாறி நிற்பது. இவ்வகைத் திரவங்களில் பொதுவாகச் சேர்க்கப்படும் அமிலமும் தயோயூரியா என்னும் இரசாயனமும் அதைக் கரைக்கும்போது மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலமும் கூடவே போய்விடுகிறது. புழக்கத்துக்கு வராத நாணயமாயின் இழப்பு இன்னும் பெரிது: அச்சடிக்கும்போது உலோகம் பரவியதால் ஏற்பட்ட நுண்வரிகளே அதன் மினுக்கத்துக்குக் காரணம் என்பதால், அவை ஒருமுறை மழுங்கினால் எந்தப் பூச்சாலும் திரும்பி வாரா.

குத்துவிளக்கைப் பழப்புளி போட்டுத் துலக்கிப் பழகிய கைகள் நமக்கு. விளக்கு அதைத் தாங்கும். 1870ஆம் ஆண்டின் செப்புச் சதம் தாங்காது. தேசிக்காய்ச் சாறு பட்ட செம்பு புதுச் செங்கல் நிறத்துக்கு மாறி, பின்னர் திட்டுத்திட்டாகக் கறுக்கும். பற்பசையும் பித்தளை துலக்கும் பசைகளும் அதைவிட மோசம்; அவற்றிலுள்ள நுண்துகள்கள் இடும் கீறல்களைச் சேகரிப்பாளர் ஒருவர் விளக்கொளியில் சாய்த்துப் பிடித்த மாத்திரத்திலேயே கண்டுகொள்வார்.

அசற்றோன் வேறு வகை. அது உலோகத்தைத் தொடாது. எண்ணெய்ப் பிசுக்கு, ஒட்டுநாடாவின் பசை, பிவிசி பிளாஸ்டிக் உறைகளிலிருந்து கசிந்து நாணயத்தில் பச்சையாக ஒட்டும் பிசின் ஆகியவற்றை மட்டுமே கரைக்கும். என் சேகரிப்பில் ஓர் அல்பத்தில் பல ஆண்டுகள் கிடந்த நாற்கோண ஐந்து சத நாணயங்கள் இப்பிசினால் வழுவழுத்திருந்தன. மூடியுள்ள கண்ணாடிக் குவளையில் இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் புதிய அசற்றோனில் ஒருமுறை அலசி, துடைக்காமல் தானாக உலரவிட்டபோது பிசின் அகன்றது, நிறம் மாறவில்லை. நகப்பூச்சு நீக்கி இதற்கு ஈடாகாது, அதில் நிறமும் மணமும் எண்ணெயும் கலந்திருக்கும். பிளாஸ்டிக் பாத்திரங்கள் பலவற்றை அசற்றோன் கரைத்துவிடும். எளிதில் தீப்பற்றுவதால் அடுப்படியில் வைத்து இவ்வேலையைச் செய்யவே கூடாது.

மண் படிந்த நாணயங்களுக்கு முதலில் காய்ச்சி வடித்த நீர் போதும். கிணற்றுநீர் வேண்டாம், வாவியோரத்துக் கிணறுகள் பலவற்றில் உப்பு உண்டு. செம்புக்கு அதுவே பகை. செப்பு நாணயத்தில் வெளிர்பச்சைத் தூளாக உதிரும் களிம்பு, உப்பிலுள்ள குளோரைட்டும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரித்துக்கொண்டிருப்பதன் அடையாளம். அசற்றோன் அதைக் குணப்படுத்தாது. அத்தகைய நாணயத்தை உடனே ஏனையவற்றிலிருந்து பிரித்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட டப்பாவில் உலர்வாக வைத்துவிட்டு, அனுபவமுள்ள ஒருவரிடம் காட்ட வேண்டும். கெட்டியாகவும் வழவழப்பாகவும் படிந்துள்ள பழுப்பு அல்லது கரும்பச்சைப் படலமோ செம்பைக் காக்கும் கவசம் போன்றது, அதில் கைவைக்கத் தேவையில்லை.

அசற்றோனை மீண்டும் வாங்குவேன். துலக்கும் திரவத்தில் எஞ்சியதை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவளுடைய கொலுசுகள் பளபளக்கின்றன.