லிங்க் மாற்றிக்கொண்டால் கூகுளில் முதலிடம் என்று சொல்லி ஒருவர் உங்கள் கடைக்கும் வரலாம்

போன வாரம் பினாங்கில் லெபு பாசார் தெருவில் ஒரு துணிக்கடைக்குள், கூகுளில் மேலே கொண்டுவருகிறேன் என்று என்னிடம் பணம் வாங்கிய தம்பியை மறுபடி பார்த்தேன். அதே லேப்டாப், அதே இஸ்திரி போட்ட சட்டை. முதலாளியம்மாவிடம் திரையைத் திருப்பி ஏதோ காட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஜார்ஜ்டவுனில் மாலை கட்டிக் கொடுக்கிறேன், கல்யாணத்துக்கு மணவறை அலங்காரமும் செய்கிறேன். கோவிட் காலத்தில் என் அக்கா மகள் ஒரு வெப்சைட் செய்து கொடுத்தாள். போன வருஷம் தைப்பூசம் முடிந்த கையோடு இந்தத் தம்பி கடைக்கு வந்தார். "அக்கா, உங்க வெப்சைட் அழகாத்தான் இருக்கு. ஆனா கூகுளுக்கு உங்களைத் தெரியவே தெரியாது" என்றார். மாதம் 300 வெள்ளி (ரிங்கிட்), ஆறு மாதம். மற்ற வெப்சைட்டுகளில் நம் லிங்கைப் போட வைப்பாராம், பதிலுக்கு நாம் அவர்கள் லிங்கைப் போட வேண்டுமாம். "ஒவ்வொரு லிங்கும் ஒரு ஓட்டு அக்கா."

எனக்கு உடனே மொய் நோட்டு ஞாபகம் வந்தது. என் வீட்டுக்கு நீ எழுது, உன் வீட்டுக்கு நான் எழுதுகிறேன். புரிந்த விஷயமாகத் தெரிந்ததால் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. லாரி பேஜும் செர்கே பிரினும் 1998இல் கூகுளைத் தொடங்கியபோது அவர்கள் கையில் இருந்த யோசனையே அதுதான்: ஒரு பக்கத்தை எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் சுட்டுகிறார்கள் என்று பார்த்து அதன் மதிப்பைக் கணக்கிடுவது. ஆனால் ஓட்டைப் பேரம் பேசி வாங்குகிறார்கள் என்று கூகுளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. 2012 ஏப்ரலில் தன் வரிசைப்படுத்தும் முறையில் பென்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது இந்த மாதிரி வேலையைப் பிடிக்கத்தான். வரிசையில் மேலே வருவதற்காகவே அளவுக்கு மீறி லிங்க் மாற்றிக்கொள்வது ஏமாற்று என்று அவர்களுடைய விதியிலேயே இருக்கிறது. முதலிடம் தருகிறேன் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்றும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் பணம் கட்டிய பிறகு தெரிந்துகொண்டது.

மூன்றாம் மாதம் தம்பி ரிப்போர்ட்டோடு வந்தார். "டிஏ 4இல இருந்து 13க்குப் போயிடுச்சு அக்கா." எனக்கு சந்தோஷம்தான். ஆனால் அந்த டிஏ (டொமைன் அத்தாரிட்டி) கூகுளின் எண்ணே அல்ல. மோஸ் என்ற வேறொரு நிறுவனம் தன் கணக்குக்குப் போட்டுவைக்கும் மதிப்பெண், கூகுள் அதைப் பார்ப்பதில்லை. அப்புறம் என் போனையே வாங்கி, என் கடைப் பெயரை அடித்து, முதலாவதாக வருவதைக் காட்டினார். என் பெயரில் வேறு கடையே இல்லை, நான் வராமல் வேறு யார் வருவார்கள்? அன்றைக்கு அது தோன்றவில்லை, தே தாரிக் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

ஆகஸ்டில் ஈப்போவிலிருந்து ஒரு பெண்ணின் அம்மா போன் செய்தார். மகள் கல்யாணத்துக்கு விலை விசாரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "உங்க பக்கத்துல சூதாட்ட விளம்பரமெல்லாம் வருதேம்மா?" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அக்கா மகளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். 'நம் நண்பர்கள்' என்று ஒரு பக்கம், அதில் 74 லிங்க். ஆன்லைன் சூதாட்டம், வட்டிக்கடன், எங்கேயோ ஒரு ஊரில் கூரை மாற்றுகிறவர்கள். மொய் நோட்டில்கூட சொந்தக்காரர் பெயர்தானே இருக்கும்! இதில் ஒருவரையும் எனக்குத் தெரியாது.

வெப்சைட்டைப் பற்றி கூகுள் நமக்குத் தகவல் சொல்லும் இடம் சர்ச் கன்சோல். அதைத் தம்பி தன் இமெயிலில் மட்டும் திறந்து வைத்திருந்தார். அக்கா மகள் எங்கள் பெயரில் தனியாகப் பதிந்து உள்ளே போனால், ஜூன் மாதமே வந்த அறிவிப்பு கிடக்கிறது: உங்கள் தளத்திலிருந்து இயல்பற்ற லிங்குகள் போகின்றன, அதனால் நடவடிக்கை எடுத்திருக்கிறோம். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அவர் 300 வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். வாயைத் திறக்கவில்லை. பணம் போனதைவிட எனக்கு எரிச்சல் இதில்தான்.

முன்பு 'பினாங்கு மணவறை அலங்காரம்' என்று தேடினால் இரண்டாம் பக்கத்திலாவது இருப்போம். அந்த நடவடிக்கைக்குப் பிறகு எவ்வளவு தள்ளிப் பார்த்தாலும் இல்லை. அந்தப் பக்கத்தை அழித்துவிட்டு மறுபரிசீலனைக்கு எழுதினோம். முதல் தடவை மறுத்துவிட்டார்கள். ஏன் என்று துருவினால், மல்லிகைச் சரம் வாடாமல் வைப்பது பற்றி நான் ஆசையாக எழுதிய கட்டுரைக்குள்ளும் வட்டிக்கடன் லிங்கைச் சொருகியிருந்தார். அப்படி ஒன்பது இடம். எல்லாவற்றையும் எடுத்து மறுபடி எழுதிய பிறகுதான் நடவடிக்கையை நீக்கினார்கள். பழைய இடம் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

பட்டர்வொர்த்தில் ஒரு போட்டோ எடுப்பவர் என் வேலைகளைத் தன் வெப்சைட்டில் போட்டு என் லிங்கும் கொடுத்திருக்கிறார், நானும் அவருடையதைக் கொடுத்திருக்கிறேன். பயத்தில் அதையும் எடுக்கப் போனேன். அக்கா மகள் தடுத்தாள். சேர்ந்து வேலை செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் காட்டுவதில் தப்பே இல்லை, கல்யாண வீட்டாருக்கு அது உபயோகம்தான். கூகுள் பிடிப்பது சம்பந்தமே இல்லாதவர்கள் கூட்டம் கூட்டமாக மாற்றிக்கொள்வதை.

ஆகவே அந்தத் தம்பியோ வேறு யாரோ வந்தால், எந்தெந்த வெப்சைட் என்று பெயரோடு பட்டியல் கேளுங்கள். நம் பக்கத்தில் எதைப் போடப் போகிறார் என்பதையும் போடுவதற்கு முன்னால் காட்டச் சொல்லுங்கள். சர்ச் கன்சோல் உங்கள் இமெயிலில் இருக்கட்டும், அவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். மாதம் ஒரு முறை உங்கள் வெப்சைட்டை நீங்களே முழுசாகத் திறந்து பாருங்கள். நான் ஆறு மாதம் பார்க்கவே இல்லை, அது என் தப்பு.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "கூகுள் அல்காரிதம் மாறிடுச்சு அக்கா, நான் என்ன செய்ய?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி, அதோடு சரி. பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா என்று விசாரித்தேன். சொந்த உபயோகத்துக்கு வாங்கியதற்குத்தான் அங்கே வழி, வியாபாரத்துக்கு வாங்கியதற்கு இல்லை. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகை என்பதால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே சிறு வழக்காகப் போடலாம் என்றார்கள். நல்லவேளை, ரொக்கமாகக் கொடுக்கவில்லை, ஆறு தடவையும் வங்கி வழியாக அனுப்பியதற்கு அத்தாட்சி இருக்கிறது. வழக்குப் படிவம் கொடுத்தாயிற்று, தேதி இன்னும் வரவில்லை.