ஓட்டை விழுந்த படகா, ஊறிப்போன படகா? சிங்கப்பூரில் குறைந்த பணத்தில் படகைக் குடியிருப்பாக்குவது பற்றி ஓர் அலசல்

விற்பனைக்கு வரும் பழைய பாய்மரப் படகுகளில் மலிவானவற்றைப் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். ஒன்று, பார்த்ததும் பதற வைப்பது. மோதலில் பக்கவாட்டு உடைந்து, கண்ணாடியிழை நார்நாராகத் தொங்கும். இன்னொன்று, படத்தில் கண்ணைப் பறிப்பது. பளிச்சென்ற வெள்ளை, உள்ளே தேக்கு அலமாரி, புது மெத்தை உறை. மேல்தளத்தில் நடக்கும்போது மட்டும் ஓரிரு இடங்களில் காலடி லேசாக அமுங்கும். கையில் பணம் குறைவு, அந்தப் படகிலேயே குடியிருக்கவும் வேண்டும் என்று வருகிறவருக்கு நான் தயங்காமல் முதல் படகைத்தான் காட்டுவேன்.

ஓட்டைக்கு எல்லை உண்டு என்பதுதான் காரணம். சிறு சுத்தியலால் ஓட்டையைச் சுற்றித் தட்டிக்கொண்டே போனால், அடுக்குகள் பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். நல்ல இடம் கணீரென்று பதில் சொல்லும். அந்த எல்லையைப் பென்சிலால் வரைந்துவிட்டால் வேலையின் அளவு தெரிந்துவிடும். பழுதான பகுதியை வெட்டி எடுத்து, விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். படகுப் பட்டறைகளில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. சுவர் 6 மில்லிமீட்டர் தடிமன் என்றால் சுற்றிலும் 72 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சரிவு. அந்தச் சரிவில் புதிய இழைத்துணியை அடுக்கடுக்காக ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் பசையில்) நனைத்து ஒட்டினால் சுவரின் வலிமையை ஏறக்குறைய முழுமையாகத் திரும்பப் பெறலாம். உள்பக்கத்திலிருந்தும் கை எட்ட வேண்டும் என்பதால் ஓர் அலமாரியைக் கழற்ற நேரிடலாம். பொறுமையுள்ள ஒருவர் கற்றுக்கொண்டு செய்யக்கூடிய வேலை இது.

அமுங்கும் மேல்தளம் அப்படிப்பட்டதன்று. அது இரண்டு கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்தையோ பிளைவுட்டையோ வைத்துச் செய்தது. கைப்பிடிக் கம்பிகளும் கயிற்றுக் கொக்கிகளும் பொருத்திய திருகு ஓட்டைகள் வழியாகப் பல ஆண்டுகளாக மழைநீர் இறங்கி, நடுவில் உள்ள மரம் ஊறிக் கூழாகியிருக்கும். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது மேல்தகட்டை அறுத்துத் திறக்கும்வரை முழுதாகத் தெரியாது. வறண்ட நாடுகளில் சிலர் சிறு துளைகள் போட்டு மாதக்கணக்கில் காயவிட்டு, பிறகு ரெசின் செலுத்துவார்கள். இங்கே அது நடக்காது. ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை, சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் உள்ள ஊரில் மூடிக் கிடக்கும் மரம் தானாக உலராது. மேல்தகட்டை அறுத்து, அழுகலைச் சுரண்டி, புது மரமோ நுரைப் பலகையோ பதித்து, மறுபடி மூடி, கழற்றிய பொருத்துகள் அனைத்தையும் புதிய அடைப்புப் பசையுடன் மீண்டும் பூட்ட வேண்டும். அதுவரை அந்தக் கூரைக்குக் கீழேதான் உங்கள் படுக்கை. ஒழுகும், பூஞ்சணம் பிடிக்கும், துணிகள் நாறும்.

ஆனால் எல்லா உடைசலும் ஒன்றல்ல. பக்கவாட்டில் இடிபட்ட படகை வாங்கலாம். பாறையிலோ திட்டிலோ வேகமாக ஏறி, ஏரா (படகின் அடியில் நீண்டிருக்கும் கனமான பாகம், கீல்) அடிவாங்கிய படகை வாங்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டும். முன்புறம் மோதினால் ஏராவின் பின்முனை மேல்நோக்கிப் படகின் உடலைக் குத்தும். வெளியே சிறு கீறல்தான் தெரியும். உள்ளே வலுச்சட்டகம் உடலிலிருந்து பிரிந்திருக்கும். போல்ட் போட்டுத் தொங்கவிட்ட ஏராவாக இருந்தால் இந்த ஐயம் இரட்டிப்பாகும். கேபின் தரைப் பலகையைத் தூக்கிப் பார்க்க விற்பவர் தயங்கினால், விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

பாய்மரம் முறிந்த படகும் எஞ்சின் மூழ்கிய படகும் ஒரே விலையில் கிடைத்தால் எதை எடுப்பது? எஞ்சின் போனதை. உப்புநீரில் மூழ்கிய டீசல் எஞ்சினை உடனே நன்னீரில் கழுவி, எண்ணெய் மாற்றி ஓட்டியிருந்தால் பிழைத்திருக்கும். வாரக்கணக்கில் அப்படியே கிடந்திருந்தால் பழைய இரும்புதான். அப்போதும் சிறிய படகு என்றால் பின்புறம் தொங்கவிடும் அவுட்போர்டு மோட்டார் ஒன்றை வைத்துச் சமாளிக்கலாம். சிங்கப்பூர் நீரிணையில் நீரோட்டம் சில வேளைகளில் 3, 4 நாட் (மணிக்கு 3, 4 கடல் மைல்) வேகத்தைத் தொடும் என்பதால், அந்த மோட்டாரை நம்பி எந்த நேரத்தில் கிளம்புவது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். பாய்மரத்தின் கதை வேறு. அலுமினிய மரம், தாங்கு கம்பிகள், பாய்கள் எல்லாம் சேர்ந்தால் பழைய படகின் விலையையே தாண்டிவிடும். ‘குடியிருக்கத்தானே போகிறேன், மரம் எதற்கு’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பாய்மரப் படகே தேவையில்லை. அகலமான கேபின் உள்ள மோட்டார் படகு இன்னும் வசதியாக இருக்கும்.

எங்கே வைத்துப் பழுது பார்ப்பது?

பணம் உண்மையில் கரைவது இங்கேதான். வேறு நாடுகளில் வீட்டு முற்றத்திலோ நண்பரின் தோட்டத்திலோ படகை ஏற்றி வைத்து ஆண்டுக்கணக்கில் தட்டிக்கொண்டிருப்பார்கள். அடுக்குமாடி வீட்டில் வாழும் நமக்கு அந்த வழி இல்லை. படகு தரையில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஓடுகிறது. ஆகவே, என்ன பழுது என்ற கேள்வியும் எவ்வளவு நாள் தரையில் நிற்கும் என்ற கேள்வியும் ஒன்றுதான்.

துவாஸில் உள்ள ராஃபிள்ஸ் மரினா (படகுத்துறை) போன்ற உள்ளூர் இடங்களின் பெரிய பலம் அருகாமை. வேலை முடிந்து மாலையில் போய் ஒரு அடுக்கு ஒட்டிவிட்டு வரலாம். மழை மேகம் கண்டால் ஓடிப் போய்த் தார்ப்பாய் இழுத்துவிடலாம். குறை, வாடகை சிங்கப்பூர் விலையில் இருப்பதுதான். எந்த வேலையை நாமே செய்யலாம், எதை அங்குள்ள ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தாக வேண்டும் என்பதையும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலேசியக் கரையில் லங்காவியின் ரெபாக் மரினாவும் லுமுட் அருகே உள்ள பங்கோர் மரினாவும் நெடும்பயணப் படகுக்காரர்களிடையே பெயர் பெற்றவை. படகைக் கரையேற்றி நிறுத்தித் தாங்களே வேலை செய்வது அங்கே வழக்கம். லங்காவி 1987 முதல் தீர்வையற்ற தீவு என்பதும் உதவும். ஆனால் அங்கே போய்ச் சேர மலாக்கா நீரிணையில் நெடுந்தூரம் ஓட வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே ஓட்டை உள்ள படகை அந்தப் பயணத்துக்கு எடுப்பது உயிரோடு விளையாடுவது. வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் அங்கே தங்க முடிந்தவருக்கே அந்தக் கணக்கு நேராகும்.

ஜொகூர் நடுவழி. தூரம் குறைவு, ரிங்கிட் செலவு. கரை நெருக்கம் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும், 1924இல் திறக்கப்பட்ட காஸ்வே, ஜொகூர் நீரிணையை இரண்டாகத் தடுத்து நிற்கிறது. சாங்கியில் கிடக்கும் படகு காஸ்வேக்கு மேற்கே உள்ள புத்ரி ஹார்பர் மரினாவுக்குப் போக வேண்டுமானால் தீவையே சுற்றி வர வேண்டும்; கிழக்கே உள்ள செனிபோங் மரினாவுக்கு அந்தச் சுற்று இல்லை. இரு கரையிலும் குடிநுழைவு, சுங்கத் தாள்கள் உண்டு. வார இறுதியில் காஸ்வேயில் பஸ் நெரிசலில் கழியும் மணிநேரங்களையும் செலவில் சேருங்கள். என் கணிப்பில், ஓட்டை அடைக்கும் வேலையை உள்ளூரிலேயே வேகமாக முடித்து, படகைத் தண்ணீரில் இறக்கிய பிறகு மரவேலை, மின்கம்பி, வண்ணம் ஆகியவற்றை மிதக்கும் நிலையிலேயே நிதானமாகச் செய்வதுதான் சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகும். கரையேற்றியிருக்கும்போதே அடிப்பகுதி வால்வுகளை மாற்றி, கொட்டலசு ஒட்டாமல் தடுக்கும் அடிப்பூச்சையும் அடித்துவிடுங்கள். அந்த இரண்டுக்கும் தண்ணீரில் வழியில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சந்திக்கும் பட்டறைத் தம்பிகளில் கண்ணாடியிழை வேலையில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். விடுமுறை நாளில் வந்து ஒரு கை கொடு என்று கூப்பிடத் தோன்றும். கூப்பிடாதீர்கள். வேலை அனுமதியில் இருப்பவர் அவருடைய முதலாளிக்கு மட்டுமே வேலை செய்யலாம். மீறினால் அது சட்டப்படி குற்றம். உங்களுக்கு அபராதம் என்றால் அவருக்கு ஊர் திரும்ப வேண்டிய நிலை. கடன் வாங்கி இங்கே வந்தவரின் பிழைப்பை நம் படகுக்காகப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை.

பாலியெஸ்டரா, எபாக்சியா?

பழைய படகுகளில் பெரும்பாலானவை பாலியெஸ்டர் ரெசினில் செய்தவை. அதனால் அதே ரெசினில் ஒட்டினால் போதும் என்ற எண்ணம் பரவலாக உண்டு, விலையும் குறைவு. ஆனால் இறுகி முடிந்த பழைய பாலியெஸ்டர் மீது புதிய பாலியெஸ்டர் வேதியியல் முறையில் இணையாது, சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். எபாக்சி என்ற இன்னொரு வகை ரெசினின் பிடி அதைவிட வலுவானது, இறுகும்போது சுருங்குவதும் குறைவு. நீர்மட்டத்துக்குக் கீழேயும் சுமை தாங்கும் இடங்களிலும் எபாக்சியைத் தவிர வேறு எதையும் நான் ஏற்கமாட்டேன். பணத்தை மிச்சம் பிடிக்க விரும்பினால் மெத்தை உறையில் பிடியுங்கள்.

நம் ஊர் வெயிலில் எபாக்சிக்குத் தனிக் குணம் உண்டு. வெப்பம் 10 பாகை ஏறினால் கலவை இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். ரெசினோடு கலக்கும் ஹார்டனரில் மெதுவாக இறுக வைக்கும் வகையை வாங்குங்கள். கலந்ததை ஆழமான டப்பாவில் விடாமல் அகலமான தட்டில் பரப்புங்கள், இல்லாவிட்டால் கையிலேயே புகைந்துவிடும். ஈரக்காற்றில் இறுகிய எபாக்சி மேல் மெழுகு போன்ற படலம் படியும். அதைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிய பிறகுதான் உப்புத்தாள் போட வேண்டும். கழுவாமல் அடுத்த அடுக்கை ஒட்டினால் அது உரிந்து வரும். துணியிலும் கவனம் தேவை: கோரைப்பாய் போல அழுத்திய நறுக்கிழை பெரும்பாலும் பாலியெஸ்டருக்காகவே செய்யப்படுவது, அதன் பசை எபாக்சியில் கரையாது. தைத்த இழைத்துணி வாங்குங்கள். எதை ஒட்டினாலும் முகக்கவசம் இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

அடிப்பகுதியில் சிறு சிறு கொப்புளங்கள் இருந்தால் பலர் பயந்துபோய் முழு அடிப்பகுதியையும் உரித்துக் காயவைக்கக் கிளம்புகிறார்கள். இந்த ஈரப்பதத்தில் அது மாதக்கணக்கில் இழுக்கும், வாடகை மட்டுமே உங்களை மூழ்கடிக்கும். கொப்புளத்தால் மட்டும் படகு மூழ்குவது மிக அரிது. பெரியவற்றை மட்டும் திறந்து, கழுவி, உலர்த்தி, அடைத்துவிட்டுக் குடியேறுங்கள்.

நிறுத்தும் இடம்

நங்கூரமிட்டு இலவசமாகக் குடியிருக்கும் கனவுக்கு சிங்கப்பூர் ஏற்ற கடல் அன்று. உலகின் மிகப் பரபரப்பான துறைமுகங்களில் ஒன்று இது. நினைத்த இடத்தில் நிற்க முடியாது. மீதமிருப்பவை இரண்டு: மரினாவில் நடைமேடையோடு கட்டுவது, அல்லது சாங்கி போன்ற இடங்களில் படகு மன்றங்கள் கடலில் போட்டிருக்கும் மிதவையில் கட்டுவது. மிதவை மலிவு; ஆனால் கரை மின்சாரம் இல்லை, குடிநீரைச் சிறுபடகில் சுமக்க வேண்டும், சுமத்ரா புயல்காற்று விடியற்காலையில் அடிக்கும்போது படுக்கையிலிருந்து எழுந்து கயிற்றைப் பார்க்க வேண்டும். குழந்தைகளோடு இருப்பவருக்கு நான் மரினாவையே சொல்வேன். தனியாள் என்றால் மிதவை தாங்கக்கூடியதே.

படகில் தங்க அனுமதி உண்டா, கழிவுநீர்த் தொட்டி எப்படி இருக்க வேண்டும் என்பவை இடத்துக்கு இடம் மாறும். பழைய படகுக்குக் காப்புறுதி தருபவர் பெரும்பாலும் படகைச் சோதிக்கும் சர்வேயரின் அறிக்கையைக் கேட்பார். காப்புறுதி இல்லாத படகை மரினாக்கள் பொதுவாக உள்ளே விடா. எஞ்சின் உள்ள படகை ஓட்ட கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமமும் வேண்டும். ஆகவே முதலில் இடத்தையும் காப்புறுதியையும் பேசி முடியுங்கள், அந்தப் பதில்களைக் கையில் வைத்துக்கொண்டு படகைப் பார்க்கப் போங்கள். போகும்போது சுத்தியலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.