மூன்று வருடமாக நிலவைத் தொடர்ந்து பார்த்ததில் கடைசிவரை நிலைத்த கருவிகள்

2022-இல் மின்வெட்டு நீண்டுகொண்டே போன நாட்களில்தான் நிலவைப் பார்க்கத் தொடங்கினேன். இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம் முழுக்க இருட்டு, லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்றாலே போதும். முதலில் ஒரு பைனாகுலர், அடுத்த வருடம் 70 மில்லிமீற்றர் தொலைநோக்கி.

போயா (பௌர்ணமி) அன்று பார்த்து ஏமாந்தேன். முழு நிலவில் வெளிச்சம் நேராக விழுவதால் நிழலே இல்லை, எல்லாம் தட்டையாகத் தெரிகிறது. இருட்டும் வெளிச்சமும் சந்திக்கிற கோட்டை ஒட்டித்தான் மலையும் பள்ளமும் எழுந்து நிற்கும். அந்தக் கோடு இன்றிரவு எங்கே நிற்கிறது? அதைச் சொல்லும் கருவியைத்தான் தேடினேன்.

போனில் முதலில் போட்ட செயலி ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. சிக்னல் இல்லாவிட்டால் திறக்காது, எங்கள் பக்கம் சிக்னலுக்கு மேட்டு ரோட்டுக்கு ஏற வேண்டும். படமும் பொருந்தவில்லை. அதில் பிறை நிமிர்ந்து நிற்கும், இங்கே மூன்றாம் பிறை தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும்.

மடிக்கணினியில் வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருளைப் போட்ட பிறகு அந்தக் குறை தீர்ந்தது. இலவசம், ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் தேவையில்லை. ஊரைக் கொடுத்தால் நிலவு நமக்கு எந்தச் சாய்வில் தெரியுமோ அப்படியே காட்டும். உதய நேரத்தை மட்டும் மலைநாட்டில் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, அது சமதரைக் கணக்கு. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அகலம் ஏறக்குறைய 10 பாகை. எங்கள் கிழக்கு மலை சரியாக ஒரு முஷ்டி உயரம், அதைத் தாண்டிவர நிலவுக்கு 40 நிமிடத்துக்கு மேல் ஆகிறது.

நாசாவின் டயல்-எ-மூன் பக்கத்தில் வருடம் முழுவதற்கும் மணிக்கு ஒரு படம் இருக்கிறது, பள்ளங்களின் பெயரோடு. உலக நேரத்தில் இருப்பதால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். டவுனுக்குப் போகும்போது தேவையான படங்களைப் போனில் இறக்கி வைத்துக்கொள்வேன்.

ஆனால் இன்று நான் தினமும் பார்ப்பது சுவரில் தொங்கும் கலண்டரைத்தான். ஒருநாள் அம்மாயி, “இன்னைக்கி அஷ்டமி, நாளைக்கி நவமி, ரெண்டு நாளும் ஒண்ணும் தொடங்காத தம்பி” என்றார். அன்று வெளியே சரிபாதி நிலவு. அப்போதுதான் உறைத்தது. நிலவு சூரியனை விட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி. நிலவின் மேல் அந்தக் கோடு நகர்வதும் அதே அளவுதான். அப்படியென்றால் கோடு எங்கே நிற்கிறது என்பதைத் திதியே சொல்லிவிடுகிறது!

அதன்பிறகு எந்தத் திதியில் எந்தப் பள்ளம் கோட்டை ஒட்டி வருகிறது என்று நோட்டில் குறிக்கத் தொடங்கினேன். வளர்பிறை சஷ்டிக்குத் தியோஃபிலஸ். நவமிக்குப் பிளேட்டோ, கிளேவியஸ். தசமிக்குக் கோப்பர்னிக்கஸ். தசமி தொடங்கும் நேரத்தில் அதன் விளிம்பில் மட்டும் வெயில் பட்டு ஒரு வெள்ளி வளையமாக எரியும், உள்ளே மை ஊற்றியதுபோல் கறுப்பு. இரண்டு மணி நேரம் பொறுத்தால் மேற்குச் சுவரின் படிக்கட்டுகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வரும், நம் தேயிலை மலையின் அடுக்குகளைப் போல. அந்தப் பள்ளத்தின் அகலம் 93 கிலோமீற்றர், கொழும்பிலிருந்து கண்டிக்கு நேர்கோடு போட்டால் ஏறக்குறைய அவ்வளவு தூரம்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கலண்டரில் இருப்பது காலையில் உள்ள திதி, மாலைக்குள் மாறியிருக்கலாம், அதனால் முடியும் நேரத்தைப் பாருங்கள். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கக் கணக்குகளுக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரும். வானத்தோடு பொருந்துவது திருக்கணிதம். அப்புறம், நிலவு லேசாக ஆடிக்கொண்டே இருப்பதால் சில மாதங்களில் அரை நாள் அளவுக்கு முன்பின் ஆகும். அதைச் சரிபார்க்கத்தான் நாசா படம்.

எங்கள் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரைதான் வானம் நம்பகம். மே மாதம் தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் நல்ல திதிகள் பனிக்குள் போய்விடும், மனம் அடித்துக்கொள்ளும்.

இந்த வருடம் தேய்பிறைப் பக்கத்தை எழுதுகிறேன். தேய்பிறை அஷ்டமி நிலவு நள்ளிரவில் கிளம்பி, விடியும்போது தலைக்கு மேல் நிற்கும். அம்மா பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போக எழும்பும்போதே நானும் எழும்பிவிடுகிறேன். அதே பள்ளங்கள்தான், நிழல் மட்டும் எதிர்ப்பக்கம் விழுந்திருக்கும்.