பெரிய எண்ணை நோண்ட பாரி ஜிபி, என் ரிவ்யூ

ஒரு பெரிய எண்ணை குடுத்தா அதோட காரணிகள், வகுத்திகள் எத்தன, பகா எண்ணா இல்லயான்னு எல்லாம் காட்டுற ஒரு வெப்சைட்ட ரொம்ப நாளா நம்பிட்டு இருந்தேன், ஒரு நாள் 9007199254740993ன்னு போட்டேன், அது பாட்டுக்கு இது 2ஓட 53ஆவது அடுக்குன்னு சொல்லுது. ஒற்றைப்படை எண்ணு எப்படிங்க 2ஓட அடுக்காகும்? இலக்கத்த கூட்டினா 78 வருது, அப்ப 3ஆல வேற போகும். பாத்தா அது உள்ளுக்குள்ள ஃப்ளோட்டிங் பாயிண்ட்டா (குறிப்பிட்ட அளவு இலக்கம் வரைக்கும்தான் துல்லியமா வச்சிக்கற முறை) வச்சிக்குது, 53 பிட்டுக்கு (0, 1 இலக்கத்துக்கு) மேல போனா கடைசி இலக்கம் ரவுண்ட் ஆகி 3 வந்து 2 ஆயிடுது, ஆனத ஒரு வார்த்த சொல்லல. அதுதான் எனக்கு தாங்கல.

அதுக்கப்புறம் பாரி ஜிபிங்கிற (PARI/GP) கணித மென்பொருளுக்கு மாறிட்டேன். பிரான்ஸ்ல போர்டோ பல்கலைக்கழகத்துல உருவானது, முழுக்க இலவசம் (பேரும் பாரி, அள்ளி குடுக்கறதும் பாரிதான்). இன்ஸ்டால் பண்ண சோம்பலா இருந்தா பிரவுசர்லயே ஓடும். அதே எண்ண போட்டா 3 × 107 × 28059810762433ன்னு டக்குனு வந்துச்சு, ஒரு இலக்கம் கூட தொலையல.

1234567890 போட்டு பாருங்க, எவ்வளவு அழகுன்னு தெரியும். 2 × 3² × 5 × 3607 × 3803, மொத்தம் 48 வகுத்திகள், அதெல்லாம் கூட்டினா 3211610688, ஆய்லர் ஃபை (அந்த எண்ண விட சின்னதா, அதோட 1ஐ தவிர பொதுக் காரணி இல்லாத எண்ணுங்க எத்தனங்கிறது) 329040288. வெறும் வரிசையா எழுதுன இலக்கத்துக்குள்ள 3607, 3803னு ரெண்டு பகா எண்ணு ஒளிஞ்சிருக்குன்னு யாரு நெனப்பா!

எனக்கு ரொம்ப புடிச்சது, எவ்வளவு உறுதியா சொல்லுதுங்கிறத மறைக்காது. பகா எண்ணான்னு பாக்க ரெண்டு கட்டளை இருக்கு, ஒண்ணு வேகமான சோதனை, 2ஓட 64ஆவது அடுக்குக்குள்ள இது தப்பாகாதுன்னு சரிபாத்திருக்காங்க, அதுக்கு மேலயும் இதுவரைக்கும் தப்பான ஒரு எண்ணு கூட சிக்கல, ஆனாலும் நிரூபணம் இல்ல. இன்னொண்ணு நிரூபிச்சே சொல்லும், கொஞ்சம் நேரம் எடுக்கும். காரணிப்படுத்துற கட்டளை சும்மா விட்டா முதல் வகைய தான் நம்பும், நிரூபணம் வேணும்னா செட்டிங்ல நாமதான் மாத்தணும், இத புதுசா வர்றவங்க தெரிஞ்சிக்கணும்.

குறைன்னா, பட்டன் கிட்டன் எதுவும் கிடையாது, கறுப்பு திரையில கட்டளை டைப் பண்ணணும், முதல் நாள் கஷ்டமாத்தான் இருக்கும். ரெண்டு பெரிய பகா எண்ண பெருக்கி 100 இலக்கத்துக்கு குடுத்தீங்கன்னா ரொம்ப நேரம் காத்திருக்கணும், ஆனா அது இந்த மென்பொருளோட தப்பு இல்ல, அந்த கணக்கே அப்படி.

ஹேஷ் குறிய தட்டினா நேரம் அளக்கும். அத போட்டுட்டு 2ஓட 67ஆவது அடுக்குல 1 கழிச்சு குடுங்க. 193707721 × 761838257287. 1903ல ஃபிராங்க் நெல்சன் கோல்ங்கிற அமெரிக்க கணித அறிஞர் கையால கண்டுபிடிச்சு காட்டுனது, மூணு வருஷ ஞாயித்துக்கிழமை எல்லாம் இதுக்கே போச்சுன்னு சொன்னாராம், எனக்கு கண்ண சிமிட்டறதுக்குள்ள வந்துருச்சு.