ஊரில் இருக்கும் வங்கிக் கணக்கு: காரைக்குடியில் முடித்து வந்த வேலைகள்

நியூஜெர்சியிலிருந்து கிளம்பும்போதே, இந்தத் தடவை வங்கி வேலையை முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும் என்று வைத்திருந்தேன். காரைக்குடி வீட்டு வாடகை விழுவது அங்குள்ள ஒரு தனியார் வங்கியில் இருந்த என் என்ஆர்ஓ கணக்கில்தான் (வெளிநாட்டில் வாழ்பவர்கள் இந்திய வருமானத்துக்காக வைத்திருக்கும் கணக்கு). சொத்து வரி, கரண்ட் பில் எல்லாம் அதிலிருந்தே போகும். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கிப் பார்த்தால், வாடகை வரவுகளுக்கு நடுவே சின்னச் சின்னப் பிடித்தங்கள். மினிமம் பேலன்ஸ் குறைந்ததற்கு, எஸ்எம்எஸ்ஸுக்கு, ஏடிஎம் கார்டின் ஆண்டுக் கட்டணத்துக்கு. ஒவ்வொன்றின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி. தனித்தனியாகப் பார்த்தால் பெரிய தொகை இல்லை. வருடக் கணக்கில் கூட்டினால் ஒரு மாத வாடகைக்குப் பக்கத்தில் வந்தது. எனக்கு அது கோபமாகத்தான் இருந்தது.

மாதாமாதம் வாடகை வருகிறதே, பேலன்ஸ் எப்படிக் குறைந்தது என்று கவுன்டரில் கேட்டேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகவே விளக்கினார். வங்கி பார்ப்பது மாதச் சராசரி. ஒவ்வொரு நாள் முடிவிலும் இருக்கும் இருப்பைக் கூட்டி, அந்த மாதத்தின் நாட்களால் வகுப்பார்கள். 10,000 ரூபாய் சராசரி கேட்கும் கணக்கு என்றால், 30 நாள் மாதத்தில் அந்தக் கூட்டல் 3 லட்சத்தைத் தொட வேண்டும். ஒரே ஒரு நாள் 3 லட்சம் இருந்தாலும் போதும். 30 நாளும் 9,000 இருந்தால் போதாது. வாடகை வந்த கையோடு வரிக்கும் செலவுக்கும் போய்விடும் கணக்கில் சராசரி நிற்கவே நிற்காது.

கூட வந்திருந்த பெரியப்பா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "எழுதிக் குடு தம்பி, வாயால சொன்னா காத்தோட போயிரும்" என்றார். எதை எழுத வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் போட்ட உத்தரவு, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இருப்பு குறைந்தால் எஸ்எம்எஸ், ஈமெயில் அல்லது கடிதம் மூலம் முதலில் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அபராதம், எவ்வளவு குறைகிறதோ அந்தத் தொகைக்கு ஏற்ற விகிதத்தில்தான் இருக்கலாம். அபராதம் பிடித்துப் பிடித்தே கணக்கு மைனஸுக்குப் போகவும் கூடாது. என் ஈமெயில் வங்கியில் பதிவாகியிருந்தும் எனக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. இதை ஒரு பக்கத்தில் எழுதி, நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். மினிமம் பேலன்ஸ் அபராதம் கணக்கில் திரும்பி வந்துவிட்டது. கார்டு கட்டணமும் எஸ்எம்எஸ் கட்டணமும் திரும்பவில்லை.

சித்தியின் விஷயம் வேறு. இன்னொரு வங்கியில் இருந்த அவர் கணக்கில் இரண்டு வருடத்துக்கு மேல் வரவு செலவு இல்லை, செயலற்ற கணக்காகிவிட்டது. மறுபடி உயிர்ப்பிக்க, விட்டுப்போன மினிமம் பேலன்ஸ் அபராதத்தைக் கட்டச் சொன்னார்கள். 2024 ஜனவரி 1 அன்று வந்து அந்த ஏப்ரல் முதல் அமலான ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை இரண்டையும் தடுக்கிறது: செயலற்ற கணக்கில் மினிமம் பேலன்ஸ் அபராதமும் கூடாது, உயிர்ப்பிக்கக் கட்டணமும் கூடாது. போனில் அதைக் காட்டியதும் கேஒய்சி படிவத்தோடு வேலை முடிந்தது. சித்தியைப் போன்றவர்கள் தனியாகப் போயிருந்தால் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வந்திருப்பார்கள். வங்கி போடும் வட்டியும் வங்கி பிடிக்கும் கட்டணமும் பரிவர்த்தனையாக எண்ணப்படாது. நாமாக வருடத்துக்கு ஒரு தடவை 100 ரூபாயாவது மாற்றிவிட வேண்டும். பத்து வருடம் அப்படியே கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குப் போய்விடும். வாரிசுகள் கேட்டு வாங்கலாம், ஆனால் அலைச்சல்.

அபராதத்தைத் தவிர்க்கக் கணக்கில் நிறையப் பணம் போட்டு வைத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். என்ஆர்ஓ சேமிப்பு வட்டியில் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் டிடிஎஸ்ஸாக, அதாவது வங்கியே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரியாகப் போகும். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி அதை 15 சதவீதமாக்கலாம். அதற்கு நாம் அங்கே வரி கட்டுபவர் என்று அமெரிக்க வரித்துறை தரும் 6166 சான்றிதழும் இங்கே ஒரு சுய அறிவிப்புப் படிவமும் வேண்டும். வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போட்டு வைக்கும் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, ஆனால் உள்ளூர் வாடகையை அதில் போட, வரி கட்டியதை வங்கிக்குக் காட்ட வேண்டும். அதனால் என்ஆர்ஓவில் தேவைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மினிமம் பேலன்ஸே கேட்காத வங்கியில் அதை வைப்பதுதான் எனக்குச் சரி என்று படுகிறது. ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே அந்த அபராதத்தை எடுத்துவிட்டது. கனரா வங்கி 2025 ஜூன் 1 முதல் என்ஆர்ஐ சேமிப்புக் கணக்குகளையும் சேர்த்தே விலக்கு தந்தது. இந்தியன் வங்கி 2025 ஜூலை 7 முதல். நான் ஒரு பொதுத்துறை வங்கியில் புதிய என்ஆர்ஓ கணக்கைத் திறந்தேன். பாஸ்போர்ட், விசா நகல், பான் கார்டு, வெளிநாட்டு முகவரிச் சான்று, போட்டோ கேட்டார்கள். ஆட்டோ டெபிட் எல்லாவற்றையும் அங்கே மாற்றி, அவை ஒரு சுற்று ஓடியதைப் பார்த்த பிறகே பழைய கணக்கை மூடினேன். முதலிலேயே மூடினால் திரும்பிய ஆட்டோ டெபிட்டுகளுக்கு வேறு தண்டம் அழ வேண்டிவரும்.

கைச்செலவுக்கு யுபிஐ போதும். 2023 முதல் அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், அமீரகம் உள்ளிட்ட சில நாடுகளின் மொபைல் எண்களைக் கொண்டு என்ஆர்ஓ, என்ஆர்இ கணக்குகளை யுபிஐயில் இணைக்க வழி உண்டு. உங்கள் வங்கி அந்த வசதியைத் தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரொக்கம் வேண்டுமென்றால் சொந்த வங்கி ஏடிஎம்மில் மாதம் 5 தடவை இலவசம். பிற வங்கியில் சென்னை போன்ற பெருநகரங்களில் 3, காரைக்குடி போன்ற ஊர்களில் 5. அதைத் தாண்டினால் 2025 மே 1 முதல் ஒரு தடவைக்கு 23 ரூபாய் வரை பிடிக்கலாம், வரி தனி. அமெரிக்க கார்டைச் செருகும்போது டாலரில் மாற்றித் தரட்டுமா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், ரூபாயிலேயே போகட்டும். அந்த மாற்று விகிதத்தில் இழப்பு நமக்குத்தான்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) இணையத்திலேயே புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. உதவிக்கு 14448 எண் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்தே செய்யலாம் என்பதால், ஊரில் இருக்கும்போது சீல் வைத்த நகலைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள். அமெரிக்கவாசிகளுக்கு இன்னொன்று: அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால், அமெரிக்க அரசுக்குத் தரும் எஃப்பார் படிவத்தில் அத்தனை கணக்கையும் காட்ட வேண்டும், 500 ரூபாய் கிடக்கும் பழைய கணக்கு உட்பட. வேண்டாத கணக்குகளை இந்தப் பயணத்திலேயே மூடிவிட்டேன்.