வாக்னரா, மாண்டிலா?
பழைய பேஸ்பால் அட்டை (ஆட்டக்காரர் படம் போட்ட சேகரிப்பு அட்டை) ஏலங்களில் இந்த இரண்டு ஆட்டக்காரர்களின் அட்டைகளுக்கும்தான் எப்போதும் மவுசு. ஹோனஸ் வாக்னர் அட்டை 1909-11 காலத்தில் சிகரெட் பாக்கெட்டோடு வந்தது. அச்சடிப்பது சீக்கிரமே நின்றுபோனதால் மிஞ்சியவை சொற்பம். மூலை மழுங்கி மடிப்பு விழுந்திருந்தாலும் போட்டி குறையாது; 2021இல் பத்துக்கு வெறும் 3 தரம் பெற்ற ஒன்று 66 லட்சம் டாலருக்குப் போனது!

டாப்ஸ் நிறுவனத்தின் 1952 மிக்கி மாண்டில் அட்டை அவ்வளவு அரிதல்ல. அங்கே தரம்தான் எல்லாம். 9.5 தரத்தில் ஒன்று 2022இல் 1.26 கோடி டாலர். கசங்கியதென்றால் அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது.

மாண்டிலை விட்டுவிட்டால் அடுத்தது வரும். வாக்னருக்கு அந்தச் சொகுசு கிடையாது. பணம் இருந்தால் நான் வாக்னர் பக்கம்தான். அப்புறம், எதை எடுத்தாலும் ஏல நிறுவனத்தின் கமிஷன் தனியாக ஏறும். அதையும் கணக்கில் சேர்த்தே ஏலம் கேளுங்கள்.