பாளையங்கோட்டை டே கேர் சென்டரில் அப்பாவின் இம்யூனோதெரபி

நான்கு நட்சத்திரம். ஐந்தாவதைக் கழிப்பறைக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு 76 வயது, அம்பாசமுத்திரம் பக்கம் விவசாயம். குதிகாலில் இருந்த கறுப்புத் தடம் மெலனோமா எனும் தோல் புற்றுநோய் என்று தெரிவதற்குள் தொடை இடுக்கு நெறி தாண்டி நுரையீரல் வரை போய்விட்டது. உள்ளங்காலில் வரும் இந்த வகை, உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிப் புற்றுநோயோடு மோதவிடும் இம்யூனோதெரபிக்கு, வெள்ளைக்காரர்களுக்கு வெயிலால் வரும் வகை அளவுக்கு எளிதில் மசியாது என்பதை டாக்டர் முதல் நாளே மறைக்காமல் சொன்னார். எனக்கு அது பிடித்தது.

இம்யூனோதெரபி மருந்துகளில் நிவோலுமாப் மட்டும் போடுவதா, கூடவே இபிலிமுமாபும் சேர்ப்பதா? வேறோர் இடத்தில், "வயசாயிட்டு, ரெண்டெல்லாம் தாங்காது" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். இங்கே அப்பாவை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். கிட்னி, ஈரல், தைராய்டு டெஸ்ட் எடுத்தார்கள். ராத்திரி வீட்டில் யார் துணை என்றுகூடக் கேட்டார்கள். பெரிய ஆய்வொன்றில் 10 வருடம் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள், இரண்டும் சேர்த்தவர்களில் 43 சதவீதம், நிவோலுமாப் மட்டும் போட்டவர்களில் 37. ஆனால் சேர்த்துப் போட்டால் பாதிப் பேருக்கு மேல் கடுமையான பக்கவிளைவு. "ரெண்டு மடையையும் திறந்தா கடைசி வயல் வரை பாயும், வரப்பும் உடையலாம்" என்றார் டாக்டர். அப்பா உடனே, "திறங்க, பாத்துக்கிடலாம்" என்றார்.

வரப்பு உடையத்தான் செய்தது. ஒரு ராத்திரி வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. அவர்கள் கொடுத்திருந்த நம்பரில் நர்ஸே எடுத்தார். எத்தனை தடவை, ரத்தம் உண்டா என்று கேட்டுவிட்டு, மெடிக்கலில் மாத்திரை வாங்கி நிறுத்தப் பார்க்காமல் உடனே கூட்டி வரச் சொன்னார். மருந்து தூண்டிவிட்ட எதிர்ப்பு சக்தி குடலையே தாக்கியிருந்தது, ஸ்டீராய்டில் அடங்கியது. இபிலிமுமாபை நிறுத்திவிட்டார்கள். இப்போது நிவோலுமாப் மட்டும். கடைசி ஸ்கேனில் நுரையீரல் புள்ளிகள் வளரவில்லை.

ரத்த ரிப்போர்ட் வராமல் டிரிப்ஸ் ஏற்ற மாட்டார்கள். "ஊசியப் போட்டு அனுப்புனா என்ன, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்லா" என்று அப்பா முணுமுணுப்பார். காத்திருப்பது நல்லதுக்குத்தான்.

கழிப்பறை விஷயம்: டிரிப்ஸ் ஏறும் ஹாலிலிருந்து நீள வராந்தாவைத் தாண்டிப் போக வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. வயிறு கெடுக்கும் மருந்தைக் கொடுக்கிற இடத்தில் இப்படியா? பில் கவுண்டரில் மருந்து விலையை முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள், கேட்டால்தான் தருகிறார்கள்.